சூடு ஆறாத சீட்

இது கதை இல்லை. நடந்தது. எனக்கே நடந்தது. பேய் என்றால் நள்ளிரவு, நாய் ஊளை, மல்லிகை வாசம் என்று எதிர்பார்க்கிறவர்கள் இப்போதே மூடி வைத்துவிடலாம். எனக்கு நடந்ததெல்லாம் பட்டப்பகலில். வாசமும் மல்லிகை இல்லை. பயத்தைவிட அருவருப்புதான் அதிகம். இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து இரண்டு முறை எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வந்தேன்.

நான் மோட்டார் சைக்கிள் மெக்கானிக். ஆனால் சுத்தம் பார்க்கிறவன். கிரீஸும் ஆயிலும் எனக்கு அழுக்கே இல்லை. மனுஷ அழுக்குதான் ஆகாது. பஸ்ஸில் ஒருவர் எழுந்துபோன இடம் சூடாக இருந்தால், அது ஆறும்வரை நின்றுகொண்டே வருவேன். "உங்களுக்குன்னு தேடிப் பிடிச்சு என்னைக் கட்டி வெச்சாங்க பாருங்க" என்று என் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

நாங்கள் இருப்பது மாமனார் வீட்டில். வீட்டை ஒட்டி ஒரு ஷெட். அதில்தான் என் வேலை. ஒரு பழைய ஒற்றை சிலிண்டர் வண்டியை வாங்கி, அறுத்து, சாப்பராக மாற்ற வேண்டும் என்று எனக்கு வெறி. முன்சக்கரம் எங்கோ தூரத்தில் நிற்கும். ஹேண்டில்பார் தோள் உயரத்துக்கு வரும். பின்னால் ஷாக் அப்சார்பரே கிடையாது. ஒரே ஒருவர் உட்காரும் குட்டி சீட். அப்படி ஒன்றைச் செய்து ரோட்டில் ஓட்டிக் காட்டிவிட்டால், அடுத்தடுத்து ஆட்கள் தேடி வருவார்கள் என்று நம்பினேன். மாமனார் நம்பவில்லை.

"மாப்பிள்ளை, எட்டு மாசமா டங்கு டங்குனு தட்டிட்டு இருக்கீங்க. வர்ற ஒண்ணாம் தேதி காலைல அந்த வண்டி தானா ஓடி வெளிய வரணும். வந்தா ஷெட் உங்களுக்கே. வரலைன்னா வேற யாருக்காவது விட்டுருவேன். கோவிச்சுக்கக் கூடாது."

கோபம் பொத்துக்கொண்டுதான் வந்தது. ஆனால் ஷெட் அவருடையது. அது போனால் நான் எங்கே போய்த் தட்டுவது? "பாருங்க மாமா" என்று மட்டும் சொன்னேன்.

அந்த வண்டி எட்டு மாதத்துக்கு முன் ஒரு புரோக்கர் மூலம் வந்தது. யாரோ வீட்டு ஷெட்டில் நாள்பட நின்றதாம். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எஞ்சின் நல்ல எஞ்சின். மற்றதெல்லாம் குப்பை. கிரிப் ரப்பர் தொட்டால் கையோடு ஒட்டியது. சீட் கவரில் பெரிய கறை. பழுப்பு நிறம், ஓரம் கறுத்துப்போய். கவரைக் கிழித்ததும் ஒரு வாடை வந்தது பாருங்கள்... மிச்சத்தோடு மூடிவைத்த டிபன் பாக்ஸை ஒரு மாதம் கழித்துத் திறந்த மாதிரி.

கவரைத் தூக்கி எறிந்தேன். உள்ளே இருந்த ஃபோமை எறியவில்லை. நான் செய்த தப்பு அதுதான்.

பின்னால் ஷாக் இல்லாத வண்டியில் ஒவ்வொரு குழியும் நேராக முதுகெலும்புக்குத்தான் போகும். சீட்தான் ஒரே ஆறுதல். கடையில் கிடைக்கிற புது ஃபோம் இரண்டே மாதத்தில் அமுங்கி அப்பளமாகிவிடும். பழைய கம்பெனி ஃபோம் அப்படி இல்லை, கெட்டி. அதிலும் ஒரே ஆள் வருஷக்கணக்கில் உட்கார்ந்து பதமான ஃபோம் கிடைத்தால், வண்டி கட்டுகிறவன் எவனும் விடமாட்டான். அதைத்தான் செதுக்கிப் புது சீட்டுக்குள் வைப்போம்.

தெருக்கோடியில் சீட் தைக்கிறவர் அதை விரல் நுனியால் தள்ளினார்.

"தம்பி, இது வேண்டாம்."

"ஏன்?"

"நாறுது."

"துவைச்சுக் கொண்டாறேன்."

துவைத்தேன். கையுறை மாட்டி, மூக்கில் துணி கட்டி, சோப்புத்தூளைக் கொட்டி. பிழிந்தால் பழுப்புத் தண்ணீர். இரண்டாம் முறையும் பழுப்பு. ஏழாம் முறையும் அதே பழுப்பு. அதன் மேல் கொழகொழவென்று ஏதோ மிதந்தது. ஆயில் இல்லை. ஆயில் எனக்குத் தெரியாதா? நான்கு நாள் மொட்டை மாடி வெயிலில் போட்டேன். வாடை போய்விட்டது... போய்விட்டது என்று நினைத்தேன். சீட்காரர் வேண்டாவெறுப்பாக அதைச் செதுக்கி, புதுத் தோல் போர்த்தித் தந்தார்.

22ஆம் தேதி, செவ்வாய். பகல் 2.40. இரண்டு ஸ்பிரிங் மேல் சீட்டை வைத்து போல்ட் முடுக்கினேன். ஆசையோடு ஏறி உட்கார்ந்தேன்.

சூடாக இருந்தது.

ஷெட்டுக்குள் வெயில் விழாது. எஞ்சின் அதுவரை ஓடவும் இல்லை. துள்ளி இறங்கித் தொட்டுப் பார்த்தேன். ஓரமெல்லாம் சில்லென்று இருந்தது. நடுவில் மட்டும் சூடு. இப்போதுதான் யாரோ எழுந்துபோன மாதிரி... உடம்பெல்லாம் கூசியது.

சாயங்காலம் மனைவி என்னைத் திருப்பி நிறுத்தினாள்.

"ஏங்க, எதுல போய் உட்கார்ந்தீங்க?"

பேண்ட்டின் பின்பக்கம் ஈரம். பழுப்பு.

"ஆயிலா இருக்கும்."

அவள் குனிந்து முகர்ந்தாள். முகம் கோணியது. "இது ஆயில் இல்ல." அந்தப் பேண்ட்டைக் குச்சியால் தூக்கிக்கொண்டு போய்க் குப்பையில் போட்டாள்.

26ஆம் தேதி, சனி. காலை 11.15. ஹேண்டில்பாருக்குப் புது கிரிப் மாட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன். பத்தே நிமிடம். திரும்பி வந்தால் இரண்டு கிரிப்பும் ஈரம். துடைத்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி ஊறியது. உள்ளங்கை பிடிக்கிற அகலத்துக்கு மட்டும். துடைத்த துணியை முகர்ந்திருக்கக் கூடாது. முகர்ந்தேன்.

அதே டிபன் பாக்ஸ் வாடை. துணியை வெளியே வீசினேன்.

அப்போது ஒரு சத்தம்.

கிரீச்...

குனிந்து பார்த்தேன். சீட்டுக்கு அடியில் இரண்டு ஸ்பிரிங்கும் அமுங்கியிருந்தன. சுருளோடு சுருள் ஒட்டும் அளவுக்கு. எண்பது கிலோ ஆள் உட்கார்ந்தால்தான் அப்படி அமுங்கும்.

சீட்டில் யாரும் இல்லை.

கழற்றி வீச வேண்டியதுதானே என்பீர்கள். ஒண்ணாம் தேதிக்கு ஐந்தே நாள். இன்னொரு சீட் தைக்க ஒரு வாரம் கேட்டார் சீட்காரர். ஒரு ஈரத்துக்கும் வாடைக்கும் பயந்து ஷெட்டை விடுவதா? பல்லைக் கடித்துக்கொண்டு சீட் மேல் பாலிதீன் பையைச் சுற்றிக் கட்டினேன். என் மூளை அவ்வளவுதான் வேலை செய்தது.

29ஆம் தேதி, செவ்வாய். மாமனார் தன் லேத் பட்டறைக்குப் போயிருந்தார். மனைவி வீட்டுக்குள். பெட்ரோல் டேங்க் இன்னும் பெயிண்டரிடம் இருந்தது. ஒரு பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி, கட்டித் தொங்கவிட்டு, டியூப் மாட்டி, கிக்கரை உதைத்தேன். எண்ணினேன். முப்பத்தோரு உதை. ம்ஹூம். ஒரு இருமல்கூட இல்லை. பாட்டிலைக் கழற்றி பெஞ்சில் வைத்தேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது. சாரல் உள்ளே அடிக்க, ஷட்டரை இறக்கினேன்.

மாலை 4.05. கார்புரேட்டரைப் பிரிக்க ஸ்குரூடிரைவர் தேடிக்கொண்டிருந்தேன். வண்டிக்கு முதுகைக் காட்டி.

பின்னால் பாலிதீன் சரசரத்தது.

கிரீச்...

பிறகு கிக்கர் இறங்கியது. ஒரே உதை.

டுக்... டுக்... டுக்... டுக்...

ஓடியது. எட்டு மாதமாக நான் கேட்கத் தவித்த சத்தம். ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். உண்மையைச் சொல்வதென்றால், அதுதான் இப்போது நினைத்தாலும் எனக்குக் கேவலமாக இருக்கிறது.

திரும்பினேன். பாலிதீனுக்குள் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. பழுப்பு நீர். புகை சூழ்ந்தது. ஷட்டரைத் தூக்கப் போனேன். கை எழவில்லை. தலை சுற்றியது...

நினைவு வந்தபோது உட்கார்ந்திருந்தேன்.

வண்டி மேல்.

இரண்டு கையும் கிரிப்பில். எப்படி ஏறினேன்? தெரியாது.

எனக்குக் கீழே பாலிதீன் இல்லை. தோல் இல்லை. மெத்தென்று... சூடாக... ஈரமாக... ஏதோ.

அது அசைந்தது.

நான் சீட்டில் உட்காரவில்லை.

ஒரு ஆளின் மடியில் உட்கார்ந்திருந்தேன்.

பின்கழுத்தில் மூச்சுச் சத்தம். இழுக்கிற மூச்சு. மறுபடி இழுக்கிற மூச்சு. விடுகிற மூச்சு வரவே இல்லை.

என் கை மேல் ஒரு கை. பிசுபிசுவென்று.

மெதுவாக ஆக்சிலேட்டரை முறுக்கியது.

டுக் டுக் டுக் டுக் டுக்...

ஷட்டர் தடதடவென்று மேலே போனது. மாமனார். மழைக்காகச் சீக்கிரம் வந்திருக்கிறார். அப்போது 4.31 என்று பிறகு சொன்னார். என்னை இழுத்து வெளியே மழையில் போட்டார். குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தேன். அவர் எஞ்சினை நிறுத்த உள்ளே ஓடினார். கை வைப்பதற்குள் அதுவே நின்றுவிட்டது.

திரும்பி வந்தபோது அவர் கையில் பெட்ரோல் பாட்டில். கழுத்துவரை நிறைந்திருந்தது.

"மாப்பிள்ளை... அது எதுல ஓடுச்சு?"



மகளிடம், "புகை தலைக்கேறிடுச்சும்மா, ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டார். குழாயடியில் வெகுநேரம் கை கழுவினார். பிறகு என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஷெட்ட நீங்களே வெச்சுக்கங்க. வண்டி வெளிய வர வேண்டாம். நான் இனிமே அந்தப் பக்கம் வரமாட்டேன்."

ஆக, ஷெட் கிடைத்துவிட்டது. ஷட்டரை இறக்கிப் பூட்டிச் சாவியை எடுத்து வைத்துக்கொண்டேன். அதோடு சரி. உள்ளே கால் வைக்க என்னால் முடியவில்லை. 'அப்பாவே ஷெட்டைக் கொடுத்துட்டாரு' என்று மனைவி தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் எப்படிச் சொல்வது? தினமும் சாப்பிட்டுவிட்டு, வேலைக்குப் போகிறவன் மாதிரி கிளம்புவேன். நேராகப் போய் சீட்காரர் கடையில் உட்கார்ந்துகொள்வேன். அவர் எதுவும் கேட்கமாட்டார்.

ஒன்பதாம் நாள், 8ஆம் தேதி. வண்டியின் புத்தகத்தில் இருந்த முகவரியைத் தேடிப் போனேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தார். வண்டியைப் பற்றிக் கேட்டதும் கொடியைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

"அவரா... தனி ஆளு தம்பி. ஷெட்டைச் சாத்திக்கிட்டு வண்டிய ஓடவிட்டு ஏதோ பார்த்திருக்காரு. புகையில மயங்கி, வண்டி மேல உட்கார்ந்தபடியே போயிட்டாரு. பதினோரு நாள் கழிச்சுத்தான் கதவ உடைச்சாங்க. சீட்டோட ஒட்டி... வேண்டாம், சாப்பிட்டு வந்திருப்பீங்க."

"பதினோரு நாளா? வாடை வரலையா?"

"வந்துச்சு. எலி செத்துக் கெடக்குன்னு நெனச்சோம். ஆளு செத்திருப்பாருன்னு எப்படித் தோணும்? தெனமும் மத்தியானம் அந்த வண்டி ஓடுற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சே..."

எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று தெரியவில்லை. அன்றைக்குத்தான் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். இத்தனை நாளும் ஷெட்டுக்குள் போகவே இல்லை என்பதையும் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"நெசமா? ஒரு நாள்கூட போகலையா?"

"இல்ல."

"மத்தியானத்துல டுக் டுக்குனு கேட்டுச்சே. புகையில மயங்கி விழுந்தவரு திரும்ப வேலையில உட்கார்ந்துட்டாரேன்னு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன்..."

அவள் ஷெட் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"நேத்து டீ போட்டுக் கொண்டாந்தேன். ஷட்டரைத் தட்டினேன். 'ம்'னு உள்ள இருந்து சத்தம் வந்துச்சு. வாசல்லயே வெச்சுட்டு வந்தேன். அப்புறம் வந்து பார்த்தா, குடிச்சுட்டு வெச்சிருந்துச்சு."

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"டம்ளர் விளிம்பெல்லாம் பழுப்பா, பிசுபிசுன்னு. உங்க கை கிரீஸுன்னு நெனச்சேங்க. கழுவி வெச்சேன்..."

அலமாரியில் இருந்த அந்த டம்ளரைக் காட்டினாள்.

"இன்னிக்குக் காலைல உங்களுக்கு டீ குடுத்தது அதுலதான்."