நகராத புள்ளி

பாலைவனத்தின் தெற்கு ஓரத்தில் இருக்கும் ஜிண்டர் ஊர்ச் சந்தையில் யாகானாவுக்குத் தூசிக்காரி என்று பெயர். அவள் கூட்டுவதும் இல்லை, பெருக்குவதும் இல்லை. வானிலை அறையில் உட்கார்ந்து, கால் மணி நேரத்துக்கு ஒருமுறை செயற்கைக்கோள் அனுப்பும் படத்தைப் பார்ப்பாள். பாலைவனத்தில் தூசி எங்கே கிளம்பியிருக்கிறது, ஊருக்கு எப்போது வந்து சேரும் என்று வானொலியில் சொல்வாள். பதினோரு வருடமாக இதுதான் வேலை. சொன்னபடி தூசி வந்தால், அவள் சொன்னதால்தான் வந்தது என்பார்கள். தக்காளி காயப்போட்ட பெண்கள் அவளைக் கண்டதும் பாயைச் சுருட்டுவார்கள். அவளும் ஒத்தாசைக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொள்வாள்.

மழை ஓய்ந்து புல் காய்ந்திருந்த ஒரு நவம்பர் மாதம். மதியத்துக்கு மேல் ஊர் மங்கியது. உடன் வேலை பார்க்கும் லவான் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டுப் பதிவேட்டில் ‘தூசி’ என்று எழுதினார்.

“படத்துல இல்லையே அண்ணே.”

“படத்துல இல்லைன்னா என்ன? என் மூக்குல இருக்கு.”

அவர்கள் பார்க்கும் தூசிப் படத்தில் தூசி இளஞ்சிவப்பாகத் தெரியும். அன்று வடக்கே ஒரு பொட்டு சிவப்புகூட இல்லை. யாகானா சாதாரணப் படத்தைத் திறந்தாள். வடக்கே தனூத் என்ற ஊரையும் தாண்டி மேய்ச்சல் நிலத்தில், ஒரே புள்ளியில் தொடங்கித் தெற்கே வரவர விரியும் சாம்பல் நிற வால் ஒன்று இருந்தது. பின்னோக்கிப் போய்ப் பார்த்தாள். காலை ஒன்பது மணிப் படத்திலேயே அது இருந்தது. தூசியென்றால் காற்றோடு நகர்ந்திருக்கும். இந்தப் புள்ளி நகரவில்லை. காலையிலிருந்து தூசிப் படத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தது தன் தப்பு என்று அவளுக்குப் புரிந்தது.

அந்தப் பக்கத்தில் அவளிடம் இருந்தது ஒரே ஒரு போன் எண். ஃபுலானி மாட்டுக்காரர்களின் தலைவர் பாமோவுடையது. யாகானா பெரிபெரி இனத்தவள். இந்த இரண்டு சனமும் ஒன்றுக்கொன்று கேலிமுறை. பார்த்தால் திட்டிக்கொள்ள வேண்டும், கோபப்படக் கூடாது.

“யாரு?”

“வானிலை அறையிலருந்து யாகானா, மாமா.”

“அட, என் அடிமை எனக்கே போன் போடுறா! பால் தீந்துபோச்சு புள்ள, நாளைக்கு வா.”

“மாமா, உங்களுக்குத் தென்கிழக்கால புல்லு எரியுது.”

“எரியலை. உங்க சனம் மீன் சுடுது.”

“பன்னெண்டு கிலோமீட்டர்ல எரியுது மாமா. அடுத்த மாசம் மேய்க்க விட்டுவச்சிருக்கீங்களே, அந்தப் புல்லுப் பக்கமா போவுது.”

“இங்க வானம் கழுவி வச்ச மாதிரி இருக்கு. நீ ஜிண்டர்ல நாற்காலியில உக்காந்துக்கிட்டு என் புல்லு எரியிறதப் பாத்தியாக்கும்? கதை விடாத.”

“காத்து உங்க பக்கத்துலருந்து அங்க அடிக்குது. அதான் உங்களுக்கு வாடை வரலை. மணல்மேட்டுல ஏறிப் பாருங்க.”



“ஏன் புள்ள, திரும்பத் திட்ட மாட்டேங்கிற?”

“இன்னைக்கு வேணாம் மாமா.”

அவர் போனை வைத்துவிட்டார்.

பாமோவின் ஆட்கள் நாற்பது பேர் மோட்டார் சைக்கிளிலும் ஒட்டகத்திலும் போனார்கள். பச்சைக் கிளைகளால் அடித்தார்கள், தீக்கு முன்னால் புல்லைச் செதுக்கி வெறும் மண்ணாக்கினார்கள். யாகானாவுக்கு அது எதுவும் தெரியாது. அவ்வளவு உயரத்திலிருந்து மனிதர்கள் தெரிவதில்லை. அவள் வாலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் மதியம் வால் அந்தப் புள்ளியிலிருந்து அறுந்து, தனியாகத் தெற்கே மிதந்து போனது. லவானிடம், “அணைச்சிட்டாங்க” என்றாள். அவர் தாம் எழுதியதை அடித்துவிட்டுப் ‘புகை’ என்று எழுதினார்.

பத்து நாள் கழித்துப் பாமோ வந்தார். முழங்கையில் துணி சுற்றியிருந்தது. மூன்றில் ஒரு பங்கு புல் போய்விட்டதாகச் சொன்னார். தீ வைத்ததே இவள்தான் என்று வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி அறிவித்தார். “ஆமா, உன் மாட்டு நாத்தம் தாங்காமத்தான் வச்சேன்” என்றாள் யாகானா. அவருக்கு நிம்மதியாக இருந்தது. படத்தைக் காட்டச் சொன்னார்.

“இந்தக் கறுப்பு?”

“எரிஞ்சது.”

“இந்த மஞ்சள்?”

“மிச்சம்.”

விரலால் மஞ்சளை ஒருமுறை சுற்றி அளந்தார். பிறகு கேட்டார்: “என் மாடு எங்க?”

“மாடு இதுல தெரியாது மாமா.”

“முந்நூறு மாடு! தெரியலையா?” லவான் பக்கம் திரும்பினார். “மிஷின் ரிப்பேர் தம்பி. ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்க.”