பேய் போட்டிருந்த ஷூ

மாதனூரிலிருந்து ஆம்பூருக்குப் போகும் எங்கள் ஷூ கம்பெனி பஸ்ஸில், கடைசி நீள சீட்டின் ஜன்னல் ஓரம் என்னுடையது. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. நான் முதலில் ஏறுவேன், அவ்வளவுதான். எனக்குப் பக்கத்தில் கட்டிங் செக்‌ஷன் பாய். அவருக்கு அந்தப் பக்கம், நட்டநடுவில், பிடித்துக்கொள்ளக் கம்பிகூட இல்லாத இடத்தில், ஸ்டிட்சிங்கில் வேலை செய்யும், நாங்கள் தங்கச்சி என்று கூப்பிடும் பெண். விடியும் முன்பே எழுந்து வீட்டுக்கே சமைத்து வைத்துவிட்டு வருகிறவள். அவளுக்குக் கண் சொருகும் நேரம் பார்த்து ஸ்பீட் பிரேக்கர் வரும்.

"அந்த ஜன்னல்ல தலைய சாய்ச்சி கொஞ்ச நேரம் தூங்கினா போதும்ணா" என்று கேட்டுப் பார்த்தாள்.

"காத்து இல்லன்னா எனக்கு மயக்கம் வரும்மா" என்று சொல்லி வைத்திருந்தேன். உண்மையில் மயக்கம் வருவது என் பேச்சைக் கேட்கிறவர்களுக்குத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியில் புது பேய் சீரியல் ஆரம்பித்தது. மலைமேல் ஒரு பங்களா. செத்துப்போன முதலாளியின் லேஸ் வைத்த பிரவுன் ஷூ, ஆளே இல்லாமல் மாடிப்படி இறங்கி வருகிறது. வீடே அலறுகிறது. நான் அலறவில்லை. பாதி ஆயுளை செக்கிங் செக்‌ஷனில் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தே கழித்தவன். பேய் வந்தாலும் முதலில் அதன் ஷூவின் சோல் தையலைத்தான் பார்ப்பேன்.

மறுநாள் பஸ்ஸில் முதல் எபிசோடை அலசினேன்.

"பேயே இல்ல பாய். முதல்ல செருப்பு ஸ்டாண்டுல காட்டின ஷூவுக்கு சோல் ஓரத்துல தையல் இருக்குது. படி இறங்கின ஷூவுக்குத் தையலே இல்ல, வெறும் ஒட்டு. அப்போ இன்னா அர்த்தம்? ரெண்டு ஜோடி! எவனோ அதே மாதிரி வாங்கி, கயிறு கட்டி இழுக்கறான்."

"யாரு தோஸ்த்?"

"முதலாளியோட மருமகன். எல்லாரையும் காலோட காட்டினாங்க. அவனை மட்டும் இடுப்புக்கு மேலதான் காட்டினாங்க. ஏன்?"

"சட்டை நல்லா இருந்திச்சி, அதனால இருக்கும்" என்றாள் தங்கச்சி. "அது பேய்தாண்ணா. உங்க கணக்கு தப்புன்னா ஜன்னல் எனக்கு. சரியா?"

போனில் படத்தை நிறுத்திப் பெரிதாக்கித் தையலைக் காட்டினேன். பஸ்ஸே எட்டிப் பார்த்தது. அந்தப் பெருமையில் சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

அடுத்த ஞாயிறு தட்டில் தோசையோடு உட்கார்ந்தேன். மருமகன் வந்தான். முழுசாகவே வந்தான், காலில் ரப்பர் செருப்பு. பாவம், எல்லோரையும்விட அவன்தான் ஜாஸ்தி நடுங்கினான். அப்புறம் செத்த முதலாளியே சுவரைத் துளைத்துக்கொண்டு நேரில் வந்து நின்றார். சந்தேகத்துக்கு இடமே வைக்கவில்லை. நான் அவர் காலைப் பார்த்தேன். லேஸே இல்லை. பக்கிள் வைத்த மூன்றாவது ஜோடி!

"இன்னாங்க, பேயறைஞ்ச மாதிரி உக்காந்துகினு இருக்கீங்க?" என்றாள் மனைவி.

"பேயை வுடு. ஒரு பேய்க்கு எத்தனை ஷூ வாங்கிக் குடுத்திருக்கானுங்க பாரு!"

படம் எடுத்தவர்களுக்கு ஷூ என்றால் ஷூ. கைக்குக் கிடைத்ததை மாட்டியிருக்கிறார்கள். அதில் தையல் பார்த்துக் குற்றவாளியைப் பிடித்த ஒரே அறிவாளி, இந்த ஜில்லாவில் நான்தான்.

காலையில் பஸ்ஸில் வாதாடிப் பார்த்தேன்.

"அது சீரியல்காரன் தப்பும்மா. அந்த எபிசோடையே ரிஜெக்ட் பண்ணணும்."

"ஒரு நூல் கோணினா எங்க பீஸைத் திருப்பி அனுப்பறீங்க இல்ல? இது உங்க பீஸ். ரிஜெக்ட்டுண்ணா. நகருங்க."

சிரித்துச் சிரித்துப் புரையேறிய பாய்தான் முதலில் எழுந்து வழிவிட்டார். அடுத்த ஸ்டாப் வருவதற்குள் அவள் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். நடுவில் உட்கார்ந்த நான், முதல் ஸ்பீட் பிரேக்கரில் கூரையை விசாரித்துவிட்டு வந்தேன். மயக்கம் மட்டும் வரவில்லை.

"அப்போ ரெண்டாவது எபிசோட் இன்னா சொல்லுது தோஸ்த்?" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி இழுத்தார் பாய்.

பதில் வாய்வரை வந்துவிட்டது. ஜன்னல் பக்கம் பார்த்தேன். விரலை உதட்டில் வைத்தேன். நான் பேசாமல் இருந்து பார்த்திராத பாய், மீதி வழியெல்லாம் சுவரைத் துளைத்து வந்த பேயைப் பார்ப்பதுபோல என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.