வலது பின்னங்கால்

இது நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நள்ளிரவு இல்லை, சாயங்காலம் ஆறு மணி. நல்ல வெளிச்சம் இருந்தது. பயப்படுவதற்குக்கூட மனதில் கொஞ்சம் உயிர் வேண்டும். தம்பி போன பிறகு எனக்கு அது இல்லை.

தம்பியைக் கொன்றது அவன் வளர்த்த பெண் குதிரை. மகாராணி என்று கூப்பிடுவான். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத பிராணி. குதிரை வைத்திருப்பவர்கள் தினமும் குளம்பைப் பார்த்தாக வேண்டும். ஒரு கொக்கியால், உள்ளே அடைந்த மண்ணையும் சாணியையும் சுரண்டி எடுக்க வேண்டும். விட்டால் அழுகிவிடும். நான்கு வருஷம் ஒரு நாள் தவறாமல் செய்தான். அதுவும் இருட்டி விளக்கு போட்ட பிறகுதான் போவான்.

"வெளிச்சத்துல செஞ்சா மகாராணி கோவிச்சுக்குவாளா?" என்று கிண்டல் செய்வேன்.

"நான் சும்மா சரிபாக்கத்தாண்ணே போறேன்" என்பான்.

அன்று மழை கறுத்துக்கொண்டு வந்தது. அதனால் சீக்கிரமே போனான். வலது பின்னங்காலைத் தூக்கக் குனிந்தவனை நெஞ்சில் உதைத்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அவசியம் இருக்கவில்லை.

தம்பி மனைவி அழவில்லை. என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"மாமா, அது இந்த வீட்ல இருக்கக் கூடாது."

"வித்துடலாமாம்மா?"

"வித்தா இன்னொரு வீட்ல சாவு விழும். ஊசி போட்டு முடிச்சிடுங்க."

மாட்டு டாக்டரிடம் பேசினேன். வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றார். அதுவரை தண்ணீர் காட்டுவதும் புல் போடுவதும் என் தலையில் விழுந்தது. சாகப்போகிற குதிரைக்குக் குளம்பு எதற்கு என்று கொக்கியை மட்டும் நான் தொடவே இல்லை. லாயச் சுவரில், தம்பி மாட்டிய ஆணியிலேயே அது தொங்கியது.

புதன்கிழமை லாடக்காரர் வந்தார். தம்பி முன்பே வரச் சொல்லியிருந்தானாம். விஷயம் தெரியாது. சொன்னேன். வந்ததற்கு ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன் என்று குனிந்து ஒவ்வொரு காலாகத் தூக்கினார்.

"குளம்பு நல்லா சுத்தமா இருக்கே. இப்ப யார் பாக்கறது?"

"யாரும் இல்லை."

நம்பாதவர் மாதிரி என்னைப் பார்த்தார். பிறகு வலது பக்கம் போனார். மகாராணி காலைத் தூக்கினாள். ஆனால் அவர் கைக்குத் தரவில்லை. வயிற்றுக்கு அடியில், இடப்பக்கமாக நீட்டினாள்.

"உங்க தம்பி இடப்பக்கமே நின்னு நாலு காலையும் எடுப்பாரா? சில பேர் அப்படிப் பழக்குவாங்க."

"இல்லை. அவன் சுத்தி வருவான்."

"அப்ப வேற யாரோ. தினமும் செஞ்சாதான் இந்தப் பழக்கம் விடாம இருக்கும்."

அவர் போய்விட்டார். நான் போகவில்லை. லாய வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

மணி ஆறு.

மகாராணி காதுகளை இடப்பக்கம் திருப்பினாள். அங்கே யாரும் இல்லை. இடது முன்னங்காலைத் தூக்கினாள். தூக்கிய கால் அப்படியே நின்றது. குதிரை தானாகத் தூக்கினால் கால் ஆடும். இது ஆடவில்லை. யாரோ மடியில் வாங்கிக்கொண்டது போல...

சரக்... சரக்...

காய்ந்த மண் கட்டி ஒன்று தரையில் விழுந்தது.

சுவரைப் பார்த்தேன். கொக்கி ஆணியிலேயே தொங்கியது.

இடது பின்னங்கால். சரக்... சரக்... பிறகு வலது முன்னங்கால், வயிற்றுக்கு அடியில் இடப்பக்கமாக. நான் எழுந்தேன். வலது பக்கமாகப் போனேன். தம்பி போன அதே வழி.

வலது பின்னங்கால் மேலே எழுந்தது. இடப்பக்கம் சாய்ந்தது.

நான் அதைப் பிடித்தேன்.

அந்தப் பக்கத்திலிருந்து இழுத்தார்கள்.

முரட்டுத்தனமாக இல்லை... தொழில் தெரிந்த கை, பொறுமையாக இழுப்பது போல.

மகாராணி நடுங்கினாள். மூன்று காலில் தள்ளாடினாள். அவள் கண்ணில் வெள்ளை தெரிந்தது. இன்னும் ஒரு நொடி போயிருந்தால் உதைத்திருப்பாள்.

கையை விட்டேன்.

நடுக்கம் நின்றது.

சரக்... சரக்...

வாசலுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. தம்பியின் செல்போனில் குதிரையை விற்றவர் நம்பர் இருந்தது. ஒரு பெண் எடுத்தார். தம்பி இறந்ததைச் சொன்னேன்.

"எந்தப் பக்கம் நின்னாரு?" அதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

"வலது பக்கம்."



"எங்கப்பா இடப்பக்கம் நின்னேதான் நாலு காலையும் எடுப்பாரு. வேற யாரையும் தொட விடமாட்டாரு. விக்கும்போதே உங்க தம்பிகிட்ட சொன்னேன். சாயங்காலம் அவளாவே காலைத் தூக்குவா, முடியற வரைக்கும் கிட்டப் போகாதீங்க, இருட்டின பிறகு போங்கன்னு. சிரிச்சாரு. சரின்னாரு."

"உங்கப்பாகிட்ட பேச முடியுமா?"

"அப்பா போய் ரெண்டு மாசம் கழிச்சுதான் அவளை வித்தேன்."

டாக்டரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மகாராணி மீது குற்றமில்லை என்று தம்பி மனைவியிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் எனக்குத்தான் ஊசி போடச் சொல்வாள். இப்போது அவள் என்னோடு பேசுவதில்லை. அது வலிக்க வேண்டும். வலிக்கவில்லை.

தினமும் ஆறு மணிக்கு ஸ்டூலில் உட்காருகிறேன். கிட்டே போவதில்லை. நான்கு காலும் முறையாக எழுந்து இறங்கும். கடைசிக் கால் எப்போதும் இடப்பக்கமாக.

நேற்று எல்லாம் முடிந்தது. இருட்டியது. விளக்கைப் போட்டுவிட்டு ஸ்டூலை எடுத்தேன். மகாராணி காதுகளைத் திருப்பினாள்.

மறுபடியும் வலது பின்னங்காலைத் தூக்கினாள்.

இந்த முறை வலது பக்கமாக.

சுரண்டும் சத்தம் இல்லை. கொஞ்ச நேரம்தான்... சும்மா சரிபார்க்கிற நேரம்.