லிஃப்டில் சொன்ன ‘இல்லை’

வெர்னா கோஸ்டெல்னிக்கிடம் எப்போதும் இரண்டு பைகள் இருக்கும். ஒன்று தோல்பை, பூட்டுப் போட்டது, அரசாங்கத்துச் சொத்து. மற்றது துணிப்பை, அதில் குடை, மூட்டுவலி மாத்திரை, மதியத்துக்கு ரொட்டி, பச்சை அட்டை போட்ட ஒரு நோட்டு. இந்த இரண்டையும் சுமந்துகொண்டு வாஷிங்டனில் பத்தொன்பது வருஷமாக அவள் ஒரே வேலைதான் பார்த்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மரங்களுக்குள் ஒளிந்திருக்கிற உளவுத்துறைக்கும், இந்தப் பக்கம் குன்றின் மேல் இருக்கிற நாடாளுமன்றத்துக்கும் நடுவே போய்வருவது. துறையை மேற்பார்வை பார்க்கப் பதினைந்து உறுப்பினர்கள் கொண்ட ஒரு குழு உண்டு. அவர்கள் கேட்ட காகிதத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், படித்து முடித்ததும் பக்கம் பக்கமாகச் சரிபார்த்துத் திரும்ப வாங்க வேண்டும், யாராவது கத்தினால் நின்று கேட்டுக்கொள்ள வேண்டும். சொல்வதற்கு இவ்வளவுதான். செய்து பார்க்கிறவளுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

பென்சில்வேனியாவில் நிலக்கரிச் சுரங்க ஊர் ஒன்றில் பிறந்தவள். அப்பா சுரங்கத்தில் இருந்தார், அக்கா ஐரீன் இன்னும் அந்த ஊரிலேயே இருக்கிறாள். டைப்பிஸ்டாகத் துறைக்குள் நுழைந்தவள், வாய் அடக்கமானவள் என்று பெயர் வாங்கியதால் குன்றுக்கு அனுப்பப்பட்டாள். கல்யாணம் ஒன்று நடந்தது, நாலு வருஷம் நீடித்தது. ‘இன்னைக்கு ஆபீஸ்ல என்ன நடந்தது’ என்று கேட்டே அந்த மனுஷன் அலுத்துப்போனான், பாவம்.

குன்றில் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. ‘எழுதிக்கிறேன் வெர்னா.’ ஏனென்றால் அந்த வேலையின் முதல் விதி, நடைபாதையில் யார் எதைக் கேட்டாலும் ஆமாம் என்றும் சொல்லக்கூடாது, இல்லை என்றும் சொல்லக்கூடாது. பச்சை நோட்டைத் திறந்து, “எழுதிக்கிறேன் ஐயா” என்று சொல்லி, கேள்வியை அவர் கண் முன்னால் எழுத வேண்டும். அது ஆற்றைத் தாண்டிப் போய், ஆறு மேசைகளில் ஆறு கையெழுத்து வாங்கி, பதிலாகத் திரும்பி வரும். பேசியதை அன்றைக்கே குறிப்பாக எழுதிக் கோப்பில் வைக்க வேண்டும் என்பது இரண்டாவது விதி. இரண்டையும் பத்தொன்பது வருஷம் அவள் மீறியதில்லை. மீறியது ஒரே ஒரு செவ்வாய்க்கிழமை, லிஃப்டில்.

கேட்டவர் எம்மெட் ருடிசில். வட கரோலினாக்காரர், எழுபத்து மூன்று வயது, கோட்டுப் பையில் எப்போதும் வறுத்த வேர்க்கடலை. குழுவில் ஏழு பேர் ஒரு பக்கம், ஏழு பேர் மறு பக்கம், நடுவே இவர். தெற்கே ஒரு சின்ன நாட்டில் ஒரு கர்னல் இருந்தான். அவன் படைக்குத் துறையின் ஆட்கள் பயிற்சி கொடுத்தார்கள், அந்தப் படை ஒரு மலைக்கிராமத்தையே சுட்டுத் தள்ளியது. பயிற்சியை நிறுத்திவிட்டோம் என்று ஜனவரியில் துறை குழுவிடம் சொன்னது. அப்படிச் சொன்னால் போதாது, சட்டமாகவே தடை போட வேண்டும் என்று ஏழு பேர் நின்றார்கள். வெள்ளிக்கிழமை வாக்கெடுப்பு.

லிஃப்டில் அவர்கள் இருவரும், லிஃப்ட் ஓட்டுகிற மேபெல்லும் மட்டும்தான். ருடிசில் கடலையை மென்றுகொண்டே கேட்டார்.

“அந்தக் கர்னல் விஷயம். நம்ம ஆளுங்க யாராவது இன்னும் அங்க இருக்காங்களா?”

அவள் கை துணிப்பைக்குள் போயிற்று.

“நோட்டை எடுக்காதே வெர்னா. எழுதிக்கிறேன்னு நீ சொன்னா இங்கேயே விழுந்து செத்துருவேன். பொண்டாட்டி போய்ச் சேர்ந்து மூணு மாசம் ஆச்சு. வீட்டுலயும் எனக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை, இங்கேயும் இல்லை.”

மனுஷன் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கழுத்துப்பட்டை கோணலாக இருந்தது; அதைச் சரிசெய்துவிடவும் ஆள் இல்லை என்பது அவளுக்கு உறைத்தது. ஜனவரி அறிக்கையைக் குழுவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவளே அவள்தான். தெரிந்த விஷயம்தானே.

“இல்லை ஐயா. நிறுத்தியாச்சு.”

“அப்பாடா. நின்னுபோனதுக்கு எதுக்குத் தனியா ஒரு தடை? வெள்ளிக்கிழமை வேண்டாம்னு ஓட்டுப் போட்டுட்டு நிம்மதியா ஊருக்குப் போறேன்.”

பத்து வினாடிப் பேச்சு. விதியை மீறிவிட்டோமே என்ற கூச்சத்தில் அதைக் குறிப்பாகவும் எழுதவில்லை.

வியாழக்கிழமை காலை, மறுநாள் கூட்டத்துக்கான கோப்பை அவள் அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பிராந்தியத்தைப் பார்க்கும் பிரிவிலிருந்து வந்த காகிதங்களில் ஒன்றை வரிசை எண் பார்ப்பதற்காகப் புரட்டியவள், அப்படியே நின்றுவிட்டாள். பயிற்சி ஆட்கள் ஒன்பது பேர் மார்ச்சில் மறுபடி கர்னலின் நாட்டுக்கே போயிருக்கிறார்கள். சாலை போடும் நிபுணர்கள் என்ற பெயரில். இப்போது மே மாதம்.

ஐந்து நிமிஷத்தில் அந்தப் பிரிவிலிருந்து ஒருவன் ஓடிவந்தான். “அந்தக் கடைசிப் பக்கம் தப்பா வந்துருச்சு, கொடுங்க” என்று வாங்கிக்கொண்டு போனான். வெர்னா நேராக மேலதிகாரியின் அறைக்குப் போனாள்.

அவளுடைய மேலதிகாரி வாரன் டீட்ஸ், நாற்பத்தொரு வயது. அடுத்த படி ஏறுவதற்கு ஒரு காலைத் தூக்கியே வைத்திருப்பவர். கெட்டவர் என்று சொல்ல மனசு வரவில்லை. நல்லவர் என்று சொல்லவும் வாய் வரவில்லை. கதவைச் சாத்திவிட்டு அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

“குழுவுக்குத் தெரிவிக்கற கடிதம் தயாராயிட்டுதான் இருக்கு” என்றார் டீட்ஸ். “மூணு கையெழுத்து ஆச்சு, மூணு பாக்கி. அடுத்த வியாழக்கிழமை போயிரும்.”

“ஓட்டெடுப்பு நாளைக்கு.”

“தக்க காலத்துல தெரிவிக்கணும்னுதான் சட்டம். நாளைக்குன்னு சட்டத்துல இல்லையே.”

“நான் அவர்கிட்ட இல்லைன்னு சொல்லிட்டேன், வாரன். என் வாயால.”

டீட்ஸ் பேனாவைக் கீழே வைத்தார். “குறிப்பு எழுதினீங்களா?”

“இல்லை.”

“நல்லதாப் போச்சு” என்றார், முகம் மலர்ந்து. “எழுதலைன்னா பேசலை. லிஃப்ட்ல பேசறதெல்லாம் பேச்சா? வெர்னா, ஓய்வு பெற உங்களுக்கு இன்னும் பத்து மாசம். முழு ஓய்வூதியம். பேசாம போய் ரொட்டியைச் சாப்பிடுங்க.”

அவள் சாப்பிடவில்லை. அன்று முழுக்க அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தோல்பையைப் பூட்டினாள், திறந்தாள், மறுபடி பூட்டினாள். குன்றுக்குப் போனாள், ஒரு வேலையும் இல்லாமல் நீளமான நடைபாதையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தாள். உணவகத்தில் வெள்ளை அவரை சூப் வாங்கி ஆறவிட்டு அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். தெரிந்த காவலர் ஒருவர், “என்னம்மா, பூட்ஸுக்குள்ள எறும்பா?” என்று கேட்டார்.

ருடிசில் அவளை நம்பித்தான் வேண்டாம் என்று கை தூக்கப் போகிறார். அவர் கை தூக்கினால் ஒன்பது பேரும் அங்கேயே இருப்பார்கள். அந்தக் கர்னல் அடுத்த கிராமத்துக்குப் போவான். சரி, உள்ளதைச் சொல்லிவிடலாமா? அந்தப் பக்கத்தில் இருந்ததைக் கையெழுத்து முடியுமுன் வெளியே சொன்னால் வேலை போவது மட்டுமல்ல, சிறைக்கும் போக வேண்டியிருக்கும். ரகசியம் காப்பேன் என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அந்தச் சத்தியத்தை அவள் விளையாட்டாகச் செய்யவில்லை. சொல்லவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. பொய் சொன்னவள் என்று இந்தப் பத்தொன்பது வருஷத்தில் அவளை ஒருவரும் சொன்னதில்லை. அவளிடம் இருந்த சொத்தே அது ஒன்றுதான். அதைத் துறை அவளுக்குத் தெரியாமலேயே எடுத்துச் செலவழித்துவிட்டது என்று நினைக்கும்போது ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

வெள்ளிக்கிழமை கூட்டம் பத்து மணிக்கு. எட்டு மணிக்கே அவள் அடித்தளத்தில், உறுப்பினர்கள் வந்து இறங்கும் குட்டி ரயிலுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். ஒவ்வொரு வண்டியும் வந்து நின்றபோது எட்டிப் பார்த்தாள். இவரில்லை. இவருமில்லை. ஒன்பதரைக்கு ருடிசில் இறங்கினார், அதே கோணல் கழுத்துப்பட்டை. அவர் பின்னாலேயே அவள் லிஃப்டில் ஏறினாள். மேபெல் கதவைச் சாத்தினாள்.

“என்ன வெர்னா, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?”

அவள் துணிப்பையிலிருந்து பச்சை நோட்டை எடுத்தாள்.

“ஐயா, செவ்வாய்க்கிழமை நீங்க என்கிட்ட ஒரு கேள்வி கேட்டீங்க. அன்னைக்கு நான் அதை எழுதிக்கலை. இப்ப எழுதிக்கிறேன்.”

ருடிசில் கடலை மெல்லுவதை நிறுத்தினார். அவர் கண் முன்னாலேயே அவள் எழுதினாள்: கர்னலின் நாட்டில் நம் ஆட்கள் இன்னும் இருக்கிறார்களா. கேட்டவர் பெயர், தேதி. வேறு ஒரு சொல் இல்லை. துறையின் ரகசியம் எதையும் அவள் வாயைத் திறந்து சொல்லவில்லை. வேண்டுமானால் மேபெல்லைக் கேட்டுக்கொள்ளலாம்.

முப்பது வருஷம் குன்றில் பழம் தின்று கொட்டை போட்ட மனுஷனுக்கு வேறு விளக்கம் தேவையா? லிஃப்ட் இரண்டாவது மாடி தாண்டியது. அவர் முகம் மெல்ல மெல்லச் சிவந்தது. தாழ்ந்த குரலில் கேட்டார்.

“எப்பத்துலேருந்து?”

வெர்னா பேனாவைக் காகிதத்தில் வைத்தாள்.

“அதையும் எழுதிக்கிறேன் ஐயா.”

மேல்தளத்தில், குவிமாடத்துக்கு அடியில், ஜன்னலே இல்லாத அந்த அறையில் கூட்டம் தொடங்கியது. வெர்னா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். வாக்கெடுப்புக்கு முன் ருடிசில் கையைத் தூக்கி, லிஃப்டில் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். பிராந்தியப் பிரிவின் தலைவர் அதைக் கேட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தார். டீட்ஸைப் பார்த்தார். பிறகு, “எழுதிக்கிறேன் ஐயா” என்றார்.

“எழுதிக்கோங்க, நல்லா எழுதிக்கோங்க” என்றார் ருடிசில். “பதில் வர்ற வரைக்கும் இங்க ஓட்டு கிடையாது. எனக்கு வேற வேலை இல்லை. வீட்டுலயும் யாரும் காத்துக்கிட்டு இல்லை.”

அடுத்த வியாழக்கிழமைக்குத்தான் வர முடியும் என்ற கையெழுத்துகள் மூன்றும் சனிக்கிழமை மத்தியானத்துக்குள் வந்து சேர்ந்தன. திங்கட்கிழமை கடிதம் வந்தது. செவ்வாயன்று எட்டுக்கு ஏழு என்று தடை நிறைவேறியது.

கூட்டம் கலைந்த வெள்ளிக்கிழமை மதியமே வெர்னா இரண்டு குறிப்புகளைத் தட்டச்சு செய்து டீட்ஸின் மேசையில் வைத்திருந்தாள். ஒன்று, செவ்வாய் லிஃப்டில் பேசியது. மற்றது, வெள்ளி லிஃப்டில் பேசியது. டீட்ஸ் இரண்டையும் படித்தார், இரண்டாவதை மறுபடியும் படித்தார்.

“இதுல உங்களைப் பிடிக்க ஒரு வார்த்தை இல்லை” என்றார், ஏமாற்றமும் மரியாதையும் கலந்த குரலில். “ஆனா இனிமே உங்களை அங்க அனுப்ப முடியாது. புரியுதுல்ல?”

வண்டி நிறுத்த அனுமதிச் சீட்டுக் கொடுக்கிற பிரிவில் அவளுக்கு நாற்காலி போட்டார்கள். பத்து மாசம் அங்கே உட்கார்ந்திருந்தால் முழு ஓய்வூதியம். பதினோரு நாள் உட்கார்ந்தாள். அதற்கு மேல் முடியவில்லை. எழுந்து போய்க் குறைந்த ஓய்வூதியத்துக்கே எழுதிக் கொடுத்துவிட்டாள். பிழைக்கத் தெரியாதவள் என்று அக்கா ஐரீன் போனில் திட்டினாள். திட்டிவிட்டு, மாடி அறையைக் காலி செய்து வைக்கிறேன் என்றும் சொன்னாள்.

ஜூன் மாதம், குன்றின் அனுமதி அட்டையைத் திருப்பிக் கொடுக்க அவள் கடைசியாக ஒருமுறை போனாள். திரும்பும்போது மேபெல்லிடம் சொல்லிக்கொள்ள லிஃப்டில் ஏறினாள். உள்ளே ருடிசில் நின்றிருந்தார். மேபெல் கதவைச் சாத்தினாள்.

“பத்தொன்பது வருஷத்துல ஒரே ஒரு தடவை எனக்கு நேரா பதில் சொன்னே” என்றார் அவர். “அதுவும் தப்பு.”

“ஆமாம் ஐயா.”

“உன்மேல எனக்குக் கோவம்னு நினைச்சுக்காதே. இப்ப உன் இடத்துல ஒரு புதுப் பையன் வர்றான். எது கேட்டாலும் ஆமாம், இல்லைன்னு பட்டுபட்டுன்னு சொல்றான். ஒண்ணைக்கூட நம்ப முடியலை.” கோட்டுப் பையிலிருந்து ஒரு பிடி கடலை எடுத்து அவள் கையில் கொட்டினார். “சரி, அடுத்து என்ன பண்ணப்போறே?”

கடலையை இடது கைக்கு மாற்றினாள். வலது கை தன்னால் துணிப்பைக்குள் போயிற்று. குடை இருந்தது, மாத்திரை டப்பா இருந்தது. பச்சை நோட்டை டீட்ஸிடம் கொடுத்துவிட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது. கையை வெறுமனே வெளியே எடுத்து, அவர் கழுத்துப்பட்டையைப் பிடித்து நேராக்கினாள்.

“தெரியலை ஐயா” என்றாள்.