நடப்பதற்காக பஸ் ஏறியவன்

கடலூரில் மஞ்சக்குப்பம் மைதானத்தைத் தினமும் ஏழு சுற்று சுற்றுகிறேன். டாக்டர் உத்தரவு. ஏழாவது சுற்று முடியும்போது, முதல் சுற்றைத் தொடங்கிய அதே வேப்பமரத்தடியில் நிற்பேன். ஐம்பத்து மூன்று வயதில் ஒரு மனிதனுக்கு இது வேண்டாத யோசனைகளைத் தரும். ஓரிடத்தில் ஆரம்பித்து வேறோர் இடத்தில் முடிகிற மாதிரி ஒருமுறையாவது முழுதாக நடந்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. சிதம்பரத்திலிருந்து மினிபஸ்ஸில் குமராட்சி போவது, அங்கிருந்து சிதம்பரத்துக்கு நடந்தே திரும்புவது.

இரண்டு முறை தோற்றேன். முதல் முறை பைக்கில் வந்த ஒருவர், "ஏன் மாமா, நம்ம வண்டி ஆவாதா?" என்று முகம் வாடிப்போனார். ஏறிவிட்டேன். அடுத்த முறை டிராக்டர். எங்கள் பக்கம் தார் ரோட்டில் தனியாக நடப்பவன் ஒன்று பஸ்ஸை விட்டவன், இல்லாவிட்டால் வீட்டில் சண்டை போட்டவன். இருவரையும் ஏற்றிக்கொள்ளாமல் போவது பாவம்.

மூன்றாம் முறை கிளம்பியபோது மனைவி தோசையைத் திருப்பியபடி, "இன்னைக்கு எதுல வருவீங்க, லாரியா?" என்றாள். ரோஷம் வந்தது. ஆனால் தோசை வெந்துகொண்டிருந்ததால் சபதத்தை மனதுக்குள்ளேயே செய்துகொண்டேன்.

குமராட்சியில் இறங்கி, வந்த வழியே திரும்பி நடந்ததைக் கண்டக்டர் பார்த்துவிட்டார்.

"எதாச்சும் மறந்துட்டீங்களா சார்?"

"இல்லைங்க. நடக்கலாம்னு."

"நடக்கறதுக்கா பஸ் ஏறி வந்தீங்க?"

நடையைப் பற்றி நாலைந்து புத்தகம் படித்திருக்கிறேன். எதிலும் கண்டக்டர் வருவதில்லை.

வழியில் மூன்று பைக்குகளை, போனில் பேசுவதுபோல் நடித்துச் சமாளித்தேன். குதிகாலில் கொப்புளம். ஆனாலும் தூரத்தில் கோபுரம் தெரிந்துவிட்டது. இன்னும் அரைமணி நேரம் போதும். அப்போதுதான் அதே மினிபஸ் அடுத்த டிரிப்பில் பின்னால் வந்து, என் நடைக்கு ஈடாக ஊர ஆரம்பித்தது.

"ஏறுங்க சார். வெயில்ல நீங்க வுழுந்துட்டா, யாரு இட்டாந்து வுட்டதுன்னு என்னையத்தான் கேப்பாங்க."

"அவரு வேண்டுதல்பா, உடு" என்றது ஒரு குரல்.

"வேண்டுதல்னா ஷூ போட்டுக்கினா நடப்பாங்க?"

ஜன்னல் வழியே பூக்கூடைக்காரம்மா தலையை நீட்டினார். "மாமா, வூட்டுல சண்டைன்னா அத வூட்டுல வெச்சுக்கங்க. எம் பூவு வாடுது!"

நான் வேகமாக நடந்தேன். வண்டியும் வேகமாக ஊர்ந்தது. பின்னால் ஒரு லாரி ஹாரனை அழுத்தியபடியே வந்தது. ஒரு பஸ் முழுக்க ஜனத்தையும் ஒரு கூடை மல்லியையும் வாட விட்டு லட்சியத்தை அடையும் தெம்பு எனக்கில்லை. ஏறினேன். எனக்காக ஒருவர் எழுந்து இடம் வேறு கொடுத்தார்.

சிதம்பரத்தில் கண்டக்டர் முழங்கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

"காலைல ஏத்துன எடத்துலயே பத்திரமா எறக்கிட்டேன் சார்." உண்மையிலேயே சந்தோஷப்பட்டார் மனிதர்.

கடலூர் பஸ்ஸில் உட்கார்ந்ததும் வீட்டிலிருந்து போன் வந்தது.

"எதுல வரீங்க?"

"பஸ்ல."

"அது தெரியுது. அதுக்கு முன்னால?"