ஹெல்மெட் இல்லாத ஒரு கிலோமீட்டர்

கல்யாணப் படம் எடுப்பது என் தொழில். பாறசாலையில் ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையில் ஒரு சிறிய ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். மணமக்களைப் பதினெட்டு வருடமாகச் சிரிக்கச் சொல்லிச் சொல்லியே, யார் உண்மையில் சிரிக்கிறார்கள், யார் பல்லைக் காட்டுகிறார்கள் என்று எனக்கு எளிதில் தெரிந்துவிடும். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக் ராலியைப் படமெடுக்கப் போனபோது, அந்தப் பழக்கத்தை வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கலாம் என்று தோன்றியது.

என்னைக் கூப்பிட்டவர் அந்த கிளப்பின் தலைவர். டைல்ஸ் கடை வைத்திருப்பவர். போனிலேயே மைக்கில் பேசுவது போலத்தான் பேசுவார்.

"ஹெல்மெட் விழிப்புணர்வு ராலியாக்கும், மேடம். நாற்பது வண்டி உண்டு. நல்ல நல்ல ஆளுகளெல்லாம் வாறாங்க. ஒவ்வொருத்தனையும் தனித்தனியா எடுக்கணும், கேட்டியளா?"

நெய்யாற்றின்கரையில் ஒரு மைதானத்தில் காலை ஏழு மணிக்கே கூடியிருந்தார்கள். நான் என் பழைய ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தினேன். அதன் அருகே நின்ற வண்டிகள் யானை மாதிரி இருந்தன. ஆட்களைப் பார்த்ததும் யானைமேல் இருந்த மரியாதையும் போய்விட்டது. புழுங்கும் வெயிலில் தோல் ஜாக்கெட். முதுகில் ஆங்கிலத்தில் 'தனி ஓநாய்' என்று எழுதிய ஐந்து பேர் ஒன்றாகக் கூடி நின்று ஒரே தட்டிலிருந்து பழம்பொரி தின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் இரண்டு கையிலும் பச்சை குத்தியிருந்தார். கிட்டப் போனால் அது நைலான் உறை. முழங்கையில் சுருங்கிக் கிடந்தது. இன்னொருவர் வண்டியில் இமயமலைக் கொடிகளைத் தோரணமாகக் கட்டியிருந்தார். அந்த வண்டியில் எதுவரை போயிருக்கிறார் என்று கேட்டேன். "பொன்முடி வரைக்கும் ஒரு தடவை போனேன்" என்றார். இரண்டு மணி நேரத்தில் போய்விடக்கூடிய மலை. வண்டியின் இருபுறமும் பாலைவனப் பயணத்துக்கு என்பது போலப் பெட்ரோல் கேன்கள் தொங்கின. ஒன்றைத் திறந்து எனக்கு மோர்ச் சம்பாரம் ஊற்றிக் கொடுத்தார். அதில் இஞ்சி கொஞ்சம் அதிகம்.

எல்லோரையும் எடுத்தேன். எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு தூரத்தில் எதையோ பார்த்தார்கள். தூரத்தில் ஒரு கழிப்பறைதான் இருந்தது.

இவர்கள் எல்லோரிலும் என் பார்வைக்கு மிகக் கேவலமாகப் பட்டவர் கொம்பு வைத்த ஒருவர். அறுபதைத் தாண்டியவர். கிராம அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவராம். ஹெல்மெட்டின் இரண்டு பக்கமும் எருமைக் கொம்பு மாதிரி பிளாஸ்டிக் கொம்புகள். மருதாணி பூசிய தாடி. ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் அவரைப் பார்த்ததாக நினைவு. அங்கே வெள்ளை வேட்டி கட்டி, பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தார். அந்த மனிதர்தான் இவர் என்று நம்பச் சிரமமாக இருந்தது.

"கொம்பு ரண்டும் முழுசா வரணும், மக்கா" என்றார்.

"வரும் சார்" என்றேன். மனதுக்குள் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

ராலி அதியன்னூர் வழியாகச் சுற்றிப் பெருங்கடவிளைக்கு வந்து டீக்கு நின்றது. நான் முன்னால் போய் முன்னால் போய்ப் படம் எடுத்திருந்தேன். அங்கே கேமராவைப் பார்த்தபோது எரிச்சலாக இருந்தது. ஓடும் வண்டிகளில் எல்லாம் ஒரே மாதிரி கருப்பு உருண்டைகள். யாருக்கும் முகமே இல்லை. கிளப் தலைவரிடம் போய் நான்தான் சொன்னேன்:

"ஹெல்மெட்டுக்குள்ள ஆரு எவருண்ணு தெரியல்ல. ஒரு கொஞ்ச தூரம் கழற்றிட்டு ஓட்டினா படம் நல்லா வரும்."

இதை யார் சொல்லக் கூடாதோ அந்த நானே சொன்னேன். இதை யார் மறுக்க வேண்டுமோ அவர் துள்ளிக் குதித்தார். உடனே மைக்கை எடுத்தார்.

"எல்லாரும் கேளுங்க! இனி ஒரு கிலோமீட்டர், போட்டோவுக்கு வேண்டி மட்டும், ஹெல்மெட் வேண்டாம்!"

ஹெல்மெட் விழிப்புணர்வு என்று எழுதிய பேனரின் கீழே நின்றுகொண்டுதான் இதைச் சொன்னார். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. முப்பத்தொன்பது பேர் சீப்பை எடுத்தார்கள்.

கொம்புக்காரர் மட்டும் என்னிடம் வந்தார்.

"இது ஹெல்மெட்டுக்கு வேண்டியுள்ள ராலி அல்லே, மக்கா?"

"ஒரு படம்தானே சார். உங்க முகம் தெரியண்டாமா?"

அவர் தயங்கினார். கழற்றினார். உள்ளே இருந்தது வழுக்கைத் தலை, வியர்வை, பயந்த கண்கள். ஹெல்மெட்டைப் பின்சீட்டில் வைத்துக் கட்டிக்கொண்டார்.

நான் ரப்பர் தோட்டத்துக்குக் கீழே ஒரு வளைவில், ஓடைப்பாலத்தின் கைச்சுவரில் உட்கார்ந்தேன். ஓநாய்கள் வந்தார்கள், போனார்கள். பிறகு அவர் வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. ஒரு கையை உயர்த்தி, என் பக்கம் திரும்பிச் சிரித்தார். உண்மையான சிரிப்பு. அந்த நாளில் நான் பார்த்த ஒரே உண்மையான சிரிப்பு அதுதான். முன்சக்கரம் சாலையோரத்துச் சரளையில் ஏறி வழுக்கியது. வண்டி சாய்ந்தது. அவர் தலை எல்லைக் கல்லில் இடித்த சத்தம் எனக்குக் கேட்டது.

நான் கேமராவைக் கீழே வைக்கவில்லை. மூன்று படம் எடுத்த பிறகுதான் வைத்தேன். விரல் தானாக அழுத்தியது என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். விரல் தானாக எதையும் செய்வதில்லை.

எல்லோரும் வட்டமாக நின்றார்கள். போன்கள் உயர்ந்தன. ஒரு வண்டியில் சிவப்புக் கூட்டல் குறி போட்ட முதலுதவிப் பெட்டி இருந்தது. ஓடிப் போய்த் திறந்தேன். உள்ளே சார்ஜர் வயர்கள். தோட்டத்தோரம் தொழிலுறுதித் திட்டத்தில் நூறு நாள் வேலை செய்துகொண்டிருந்த நான்கு பெண்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்து வண்டியைத் தூக்கினார்கள். ஒருத்தி தோளில் கிடந்த துவர்த்துத் துண்டால் அவர் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள்.

"மாறி நில்லுங்கலே! காத்து கிடைக்கட்டும் மனுஷனுக்கு!" என்று ஓநாய்களைப் பார்த்துக் கத்தினாள். ஓநாய்கள் விலகினார்கள்.

ஆட்டோவில் அவரோடு போனது நான்தான். ராலிக்கு நேரமாகிவிட்டதாம், பாறசாலையில் பிரியாணி ஆறிவிடுமாம்.

தலையில் ஏழு தையல். இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. அவர் மனைவி வந்தார். ஒல்லியான அம்மாள், கையில் மாற்று வேட்டியும் பிளாஸ்கும். கணவனின் காலில் கிடந்த முட்டுவரை உள்ள பூட்ஸைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"முப்பது வருஷம் சைக்கிளில ஆபீஸுக்குப் போன மனுஷனாக்கும் இது" என்றார் என்னிடம். "ஒரு நாளும் விழல்ல."

மூன்று மணிக்குக் கிளப் தலைவர் வந்தார். கூட இரண்டு ஓநாய்கள், ஒரு பை ஆரஞ்சுப் பழம், கொம்பு வைத்த ஹெல்மெட்.

"மேடம், ஒரு படம். சார் ஹெல்மெட்டைப் பிடிச்சோண்டு கிடக்கட்டும். ஹெல்மெட் இருந்ததுகொண்டு உயிரு கிட்டிச்சுண்ணு போடலாம். நல்ல மெசேஜாக்கும்!"

அந்த அம்மாள் ஹெல்மெட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதில ஒரு கீறலும் இல்லியே?"

தலைவர் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டு வெளியே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஆஸ்பத்திரிச் சுற்றுச்சுவரில் அதைத் தேங்காய் துருவுவது போலத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு கொம்பு ஒடிந்து விழுந்தது. அவருக்கு அதில் மகிழ்ச்சிதான். இன்னும் நம்பும்படி ஆகிவிட்டது.

நான் லென்ஸை மூடினேன். "எனக்க கேமராவில சார்ஜ் இல்ல" என்றேன். பொய். அதற்குமேல் தைரியம் வரவில்லை. தலைவர் தன் போனில் எடுத்துக்கொண்டார். படுத்திருந்தவரும் கொம்பு உடைந்த ஹெல்மெட்டை நெஞ்சில் அணைத்துச் சிரித்தார். இந்த முறை பல்லை மட்டும் காட்டினார்.

அன்று மாலைக்குள் அந்தப் படம் குளத்தூர் வரை எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றியது. என் அண்ணியே எனக்கு அனுப்பினாள், கும்பிடும் கைகளோடு. உண்மையைச் சொல்லும் மூன்று படங்கள் என்னிடம் இருந்தன. போடவில்லை. போட்டால், கழற்றச் சொன்னது யார் என்ற கேள்வி வரும்.

பத்து நாள் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். தலையில் கட்டு சிறிதாகியிருந்தது. முன்வாசலில் வண்டி தார்ப்பாய்க்குள் கிடந்தது.

"கழற்றணும்ணு தலைவர்கிட்ட முதல்ல சொன்னது நானாக்கும் சார்" என்றேன்.

"எனக்குத் தெரியும், மக்கா. நான் பக்கத்தில நின்னு கேட்டேனே."

பிறகு படத்தைக் காட்டச் சொன்னார். விழுவதற்கு முந்தைய படம். கை உயர்ந்து, முகம் மலர்ந்து, வெறும் தலையோடு. நெடுநேரம் பார்த்தார். மன்னிப்போ கோபமோ வரும் என்று காத்திருந்தேன்.

"கொம்பு இருந்தா இன்னும் எடுப்பா இருந்திருக்கும்" என்றார்.

அவர் மனைவி அடுக்களையிலிருந்து வந்து, விழுந்து கிடக்கும் மூன்றாவது படத்தைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னார். இப்போது அதைத்தான் போனின் முகப்புப் படமாக வைத்திருக்கிறாராம். கணவர் வண்டிச் சாவியைத் தேடும்போதெல்லாம் போனை எடுத்து அவர் முன்னால் நீட்டுவாராம். இதுவரை வண்டி வெளியே போகவில்லை.

போன மாதம் கிளப் தலைவர் திரும்பவும் கூப்பிட்டார். இந்த முறை மரம் நடும் ராலி. எத்தனை வண்டி என்று கேட்டேன்.

"அறுபது உண்டு!"

"மரம்?"

"ஒண்ணு. பஞ்சாயத்து ஆபீஸுக்கு முன்னால."

அன்றைக்கு ஒரு கல்யாணம் இருப்பதாகச் சொன்னேன். கல்யாணம் எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் இருந்தே அந்த அறுபது வண்டிகளும் ஒரு செடிக்காகப் போட்ட சத்தத்தைக் கேட்டேன். ஜன்னலைச் சாத்திவிட்டு மீனைக் கழுவ உட்கார்ந்தேன்.