களி அடைத்த பரிசல்

நேற்று சாயங்கால மழையில் மாட்டிக்கொண்ட என் நடு மகன், நனைந்த தோல் ஷூவைக் கழற்றிச் சமையலறை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டான். அங்கேதான் காற்று வருகிறதாம். ரிட்டயர் ஆகப்போகிறான், எதை எங்கே வைப்பது என்று இன்னும் தெரியவில்லை. நாலு வார்த்தை கேட்கலாம் என்று எழுந்து போனவள், அந்த வாடை மூக்கில் ஏறியதும் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

ஊறிய தோல் வாடை. மற்றவர்களுக்குக் காவிரி என்றால் மஞ்சளும் பூவும் நினைவுக்கு வரும். எனக்கு எருமைத்தோல்தான். அந்தக் காலத்தில் ஒகேனக்கல் பக்கம் பரிசல் என்றால் மூங்கில் பிளாச்சில் பின்னிய பெரிய கூடை, அதன் அடியில் இழுத்துக் கட்டிய எருமைத்தோல், அவ்வளவுதான். அதில் என் மூன்று பிள்ளைகளோடு நான் போன ஒரு நாள் இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் இடுப்பு வலிக்கிறது. மிகையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். இடுப்பு எப்போதும் வலிக்கிறது என்பது வேறு விஷயம்.

என் வீட்டுக்காரர் அப்போது ஒகேனக்கல்லில் ஃபாரஸ்ட் கார்டு. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். இரண்டு அறை குவார்ட்டர்ஸ், கூரை மேல் குரங்கு, உள்ளே மலைக்காய்ச்சல். பெரியவள் பாவாடை கட்டும் வயது, நடுவன் எதைப் பார்த்தாலும் பசிக்கிறது என்று சொல்லும் வயது, கடைக்குட்டி செல்வி இடுப்பை விட்டு இறங்காத வயது. ராத்திரி முழுக்கத் தூங்கினேன் என்று சொல்லக்கூடிய நாள் ஒன்றுகூட அந்த வருஷங்களில் இல்லை.

என் பிறந்த வீடு நாகமரை. ஆற்றோடு கீழே போனால் மேட்டூர் அணையின் தண்ணீர் வந்து முட்டி நிற்கிற இடத்தையும் தாண்டிப் போகவேண்டும். அப்பா அம்மா போனபிறகு அங்கே இருந்தது என் தம்பி மாதையன் ஒருத்தன்தான். அவனும் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். லீவில் வந்திருக்கிறான், செல்விக்குக் காது குத்திவிடலாம் என்று ஆவணியில் நாள் பார்த்து வைத்திருந்தேன். அதற்குள் பென்னாகரம் சந்தைக்குப் போய்விட்டு வந்த ஒருவர் சேதி சொன்னார். "உங்க தம்பிக்கு லீவு கட்டாயிடுச்சுங்க. வெள்ளிக்கெழம மதியத்துக்கு மேல அக்கரைக்குப் போயி, மேட்டூர்ல ரயிலு ஏறுறாராம்."

காது குத்துக்குப் பந்தல் இல்லாவிட்டால் பரவாயில்லை, விருந்து இல்லாவிட்டால் பரவாயில்லை. பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன் வேண்டும். முதல் இரண்டுக்கும் அவன் மடிதான். யுத்தத்துக்குப் போனவர்களில் யார் திரும்புவார்கள், யார் திரும்பமாட்டார்கள் என்று அப்போது யாராலும் சொல்ல முடியவில்லை. அவனைப் பார்க்கவேண்டும், அவன் மடியில் செல்வியை உட்காரவைக்கவேண்டும், எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

"வண்டி கட்டிப் போ" என்றார் வீட்டுக்காரர். மாட்டுவண்டி பென்னாகரம் சுற்றி, ஏரியூர் சுற்றிப் போய்ச் சேருவதற்குள் அவன் ரயிலில் பாதி தேசம் தாண்டியிருப்பான். பரிசலில் போகிறேன் என்று நின்றேன். நான் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். நஞ்சப்பன் என்ற பரிசல்காரரிடம் சொல்லிவிட்டு, காட்டுக்குள் டூட்டிக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாததுமாக அருவிக்குக் கீழே துறையில் ஏறினோம். ராத்திரி பெய்த மழையில் தோல் நனைந்து கனத்துக் கிடந்தது. "இது தாங்குமாண்ணா?" என்று கேட்டேன்.

"என்னங்கம்மா இப்பிடிக் கேட்டுட்டீங்க. கார்டம்மா வராங்கன்னு நேத்துத்தான் ஆட்டுக் கொழுப்பெடுத்து அடியெல்லாம் நல்லாத் தடவி வெச்சிருக்கறேன். சொட்டுத் தண்ணி ஏறாது" என்றார் நஞ்சப்பன். அப்படியொரு பெருமை அந்த முகத்தில்.

பாறை இடுக்கில் ஆறு எங்களை இழுத்துக்கொண்டு போனவரைக்கும் ஒரு தொல்லையும் இல்லை. பரிசல் சுற்றியது, பிள்ளைகள் சிரித்தார்கள். சிரித்த அதே வாயால் பெரியவள் என் மடியில் வாந்தி எடுத்தாள். அதைப் பார்த்து நடுவனும் எடுத்தான். எடுத்து முடித்ததும் "அம்மா, களி" என்றான். மத்தியானத்துக்கென்று கேழ்வரகுக் களியை உருண்டை பிடித்து, தேக்கிலையில் சுற்றி எடுத்து வந்திருந்தேன். அது மத்தியானத்துக்கு என்றேன். "இப்ப மத்தியானமா?" என்றான். சூரியன் அப்போதுதான் மலைக்கு மேலே வந்திருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு திருப்பத்திலும் அதையே கேட்டான். இதற்கு நடுவே செல்வி என் தாலிக்கயிற்றைக் கடித்துக்கொண்டு ஓயாமல் அழுதாள். பல் முளைக்கிற நேரம். நாலு பக்கமும் தண்ணீர், நடுவில் இந்த மூன்றும் நானும். இறங்கி ஓடக்கூட வழியில்லை என்று நினைத்தது நன்றாக நினைவிருக்கிறது.

நெடுந்தூரம் போகும் தோல் பரிசலை நடுவில் ஒரு தடவை கரையேற்றிக் கவிழ்த்துக் காயவைக்கவேண்டும். இல்லாவிட்டால் தோல் ஊறித் தொளதொளத்துத் தொங்கிவிடும். உச்சிப் பொழுதில் ஒரு மணல்திட்டில் இறக்கினார் நஞ்சப்பன். பக்கத்தில் மாடு மேய்ப்பவர்களின் பட்டி ஒன்று. வானமோ மூடிக் கிடந்தது, வெயில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தம்பி கிளம்பிவிடுவானே என்று நான் தவித்துக்கொண்டிருந்தேன். பெரியவளின் பாவாடையை அலசி, செல்வியின் காலைக் கழுவி, நடுவனைத் தண்ணீருக்குப் போகாமல் பிடித்துவைத்து நிமிர்ந்தால், கவிழ்த்த பரிசல் பக்கம் ஏதோ சத்தம்.

பட்டி நாய் ஒன்று பரிசலைத் தின்றுகொண்டிருந்தது.

ஆமாம், தின்றுகொண்டிருந்தது. ஆட்டுக் கொழுப்பு தடவிய தோலை எந்த நாய்தான் விடும்? நஞ்சப்பன் துடுப்பை எடுத்துக்கொண்டு பாய்ந்தார். நாய் ஓடிவிட்டது, ஒரு வாய்த் தோலோடு. அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை.

"அடைக்கறதுக்கு என்ன வெச்சிருக்கீங்க?"

"குங்கிலியம் வூட்ல இருக்குதுங்க."

"வூட்ல இருந்து என்னண்ணா பிரயோஜனம்!" என்று கத்தினேன். கார்டு சம்சாரம் என்ற மரியாதையெல்லாம் காற்றில் போயிற்று. அவர் பாவம், தலையைச் சொறிந்துகொண்டு என் மூட்டையையே பார்த்தார். "அம்மா, அந்தக் களியக் குடுங்க."

பழைய துணியில் களியைப் பொதிந்து, உள்பக்கமிருந்து ஓட்டையில் வைத்து அமுக்கினார். நடுவன் போட்ட ஓலம் ஒகேனக்கல் வரைக்கும் கேட்டிருக்கும். "என் களி! என் களி!" பெற்ற தகப்பன் ஆற்றோடு போனால்கூட அப்படி அழுதிருக்கமாட்டான். எனக்கும் பசிதான், ஆனால் நான் யாரிடம் அழுவது?

"குதிங்காலால அமுக்கிப் புடிச்சுக்கங்கம்மா. எடுத்தீங்க, அவ்ளோதான்" என்றார். அதிலிருந்து என் வலதுகால் என்னுடையது இல்லை. களி மேல் குதிங்கால், தொடையில் செல்வி, இடப்பக்கம் பெரியவள் சாய்ந்து தூங்குகிறாள், வலப்பக்கம் நடுவன் என் காலடியையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான். கசிகிற தண்ணீரைச் சொம்பால் மொண்டு மொண்டு வெளியே ஊற்றினேன்.

இதோடு விட்டதா? அணைத்தண்ணீர் தொடங்கியதும் ஆற்றின் இழுப்பு நின்றுவிட்டது. கடல் போல அகன்று கிடக்கிறது தண்ணீர். எதிர்க்காற்று வேறு. துடுப்புப் போடப் போட பரிசல் நின்ற இடத்திலேயே சுற்றியது. நஞ்சப்பன் மூச்சு வாங்கினார். மேற்கே பொழுது சாய ஆரம்பித்தது. நாகமரை மேடு தெரிகிறது, கிட்டே வரமாட்டேன் என்கிறது. போயிருப்பான், இந்நேரம் போயே இருப்பான் என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். அழக்கூடத் தெம்பு இல்லை. இந்தப் பரிசல் இப்படியே முழுகினாலும் கொஞ்ச நேரம் படுத்திருக்கலாமே என்று ஒரு நிமிஷம் தோன்றியது. மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு அப்படி நினைக்கலாமா என்று கேட்காதீர்கள். அவ்வளவு அசதி.

அப்போது நாகமரைக் கரையிலிருந்து ஒரு பரிசல் அக்கரை பார்த்துப் போவது தெரிந்தது. அதில் ஒருத்தன் எழுந்து நின்று கையை ஆட்டுகிறான். பரிசலில் எழுந்து நிற்கவே கூடாது. நஞ்சப்பனுக்கு வந்தது கோபம். "எந்தக் கிறுக்குப் பயடா அவன், நட்டாத்துல நிக்கறவன்!"

காக்கிச் சட்டை தெரிந்தது. "என் தம்பிண்ணா" என்றேன். சொன்னதும்தான் அழுகை வந்தது.

அந்தப் பரிசல் எங்கள் பக்கம் திரும்பியது. கிட்டே வந்ததும் பரிசல்காரர்கள் இருவரும் இரண்டு விளிம்பையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்கள். மாதையனுக்குப் பக்கத்தில் வெற்றிலைப் பையை நெஞ்சோடு அணைத்தபடி நாகமரை ஆசாரி உட்கார்ந்திருந்தார். முகத்தில் உயிரில்லை.

"சேதி கேட்டா நீ வராம இருக்கமாட்டன்னு காலையிலருந்து கரையில நின்னு பாத்தங்க்கா. இனிமே நின்னா ரயிலு போயிரும். எப்பிடியும் தண்ணியிலதான வருவ, வழியில பாத்தா குத்திடலாம்னு ஆசாரியவும் ஏத்திக்கிட்டு வந்துட்டன்" என்றான் மாதையன்.

"எனக்கு நீச்சல் தெரியாதுங்கம்மா" என்றார் ஆசாரி.

மாதையன் எங்கள் பரிசலுக்குள் தாவினான். பரிசல் சாய, நான் பிடிமானத்துக்குக் காலை எடுக்க, தண்ணீர் குபுக்கென்று மேலே வந்தது. "அடைங்க, அடைங்க!" என்று நஞ்சப்பன் கத்தினார். யோசிக்க நேரமில்லை. இஸ்திரி போட்ட காக்கி நிக்கரோடு என் தம்பி அந்தக் களி மேலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்தான். தண்ணீர் நின்றது. செல்வியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். அவள் அவன் பித்தளைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்கு முதல் தடவையாக அழுகையை நிறுத்தினாள்.

ஆசாரி அந்தப் பரிசலில் இருந்தபடியே எட்டி வலது காதைக் குத்தினார். பதமாகத்தான் குத்தினார். இடது காதுக்கு வரும்போது ஒரு காற்று அடித்தது, இரண்டு பரிசலும் ஏறி இறங்கின. தங்கக் கம்பி கொஞ்சம் மேலே ஏறிவிட்டது. செல்வி அலறிய அலறலில் பெரியவள் விழித்துக்கொண்டாள்.

"கோணலா இருக்குதே" என்றேன்.

"ஆடற பரிசல்ல காதுல பட்டதே பெருசுங்கம்மா" என்றார் ஆசாரி.

மாதையன் செல்வியின் வாயில் வெல்லம் வைத்தான். காதில் ரத்தம் பட்ட இடத்தைத் தன் கட்டைவிரலால் துடைத்தான். "கோணலா இருந்தா என்னக்கா, கூட்டத்துல எங்க நின்னாலும் எம் மருமவள எனக்கு அடையாளம் தெரியும்" என்றான். எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. ஜாக்கிரதை என்று சொல்லவேண்டும், சாப்பிட்டாயா என்று கேட்கவேண்டும். அவன் எழுந்த இடத்தில் மறுபடி குதிங்காலை வைத்து அமுக்கினேன்.

அவன் அந்தப் பரிசலுக்குத் தாவியபோது நடுவன்தான் பார்த்தான். "மாமா, உன் நிக்கர்ல என் களி!"

"இருக்கட்டும்டா. போற வழியில பசிச்சா சாப்பிட்டுக்கறேன்" என்றான் மாதையன். நாங்கள் எல்லாரும் சிரித்தோம், நஞ்சப்பன்கூட. அவன் பரிசல் அக்கரை போகிறவரைக்கும் சிரிப்புக் குரல் தண்ணீர் மேல் கேட்டுக்கொண்டிருந்தது. கரையேறி அன்றைக்கு நாங்கள் தம்பி வீட்டுக்குப் போனபோது அடுப்பில் அவன் மூடிவைத்துவிட்டுப் போன சோறு இருந்தது. பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு, சுவரோரம் படுத்தவள் மறுநாள் வெயில் வந்தபிறகுதான் எழுந்தேன்.

மாதையன் திரும்பவில்லை. பர்மாப் பக்கம் என்றார்கள். அதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை.

தோல் பரிசலும் போய்விட்டது. இப்போது பிளாஸ்டிக் சாக்கை இழுத்துக் கட்டித் தார் பூசுகிறார்கள், எந்த நாயும் திரும்பிப் பார்க்காது. நஞ்சப்பன் போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாயிற்று. ஒகேனக்கல்லில் எங்கள் குவார்ட்டர்ஸ் இருந்த இடத்தில் மீன் வறுக்கிறார்கள்.

செல்விக்குத் தோடு எப்போதும் ஒரு காதில் ஏற்றமாகத்தான் நிற்கும். கல்யாணத்தின்போதுகூட போட்டோ பிடிப்பவன் தலையைச் சாய்க்கச் சொன்னான். போன வருஷம் அவளுக்கு ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் நகையெல்லாம் கழற்றச் சொன்னார்கள். காய்ச்சலும் மருந்துமாக ரொம்ப நாள் படுக்கையிலேயே போய்விட்டது. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தோட்டைப் போடப் பார்த்தாள், ஏறவில்லை. நான் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தேன், தடவியும் பார்த்தேன். இரண்டு காதும் தூர்ந்துவிட்டிருந்தன. இடது காதில் அந்தக் கோணல் எங்கே இருந்தது என்றுகூடத் தெரியவில்லை.

"அதுக்கு ஏம்மா அழுவுற? கடையில மிஷின்ல ஒரு நிமிஷத்துல குத்திடறாங்க. இந்தத் தடவ நேரா குத்திக்கறேன்" என்றாள் செல்வி.

யார் மடியில் உட்கார்ந்து என்று கேட்டேன்.